கல் நகர்வதற்கு முந்தைய மூச்சு

என் தாய்மாமன் கிணறு வெட்டும் ஆள். படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் என்று சவ்வாது மலை அடிவாரத்து ஊர்களில் அவர் இறங்காத கிணறு குறைவு. எங்கள் மண் வாழைக்கு இசைந்த மண். மேலே கருப்பும் செம்மையுமாகக் குழைந்து கிடக்கும்; கொஞ்சம் ஆழம் போனால் பாறை. அந்தப் பாறையோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். ஒருமுறை கண் வைத்தியத்துக்காக அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். வந்த வேலை முடிந்த சாயங்காலம், கடலைப் பார்க்க வேண்டும் என்றார். மெரினாவுக்குப் போனோம். கடல் வரைக்கும் போகவில்லை. உழைப்பாளர் சிலையின் முன்னால் நின்றுவிட்டார்.

பஸ் ஜன்னல் வழியாக நூறு தடவை நான் பார்த்த சிலைதான் அது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, கடற்கரையின் வடகோடியில், நான்கு ஆட்கள் ஒரு பெரிய பாறையை நெம்புகிறார்கள். இடுப்பில் சிறு துணி, கையில் நீண்ட கழிகள், அவ்வளவுதான். மாமா அதைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்றும் வந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"கல்லு இன்னும் நகரல, மாப்ள."

"எத வெச்சு சொல்றீங்க மாமா?"

"நகந்துட்டா ஆளு இப்படி நிக்கமாட்டான். கல்லு அசஞ்ச உடனே ஒடம்பு தளந்துடும், கழி எளகிடும். இது அசையறதுக்கு முந்தி இருக்கற மூச்சு. உள்ள இழுத்துட்டான், இன்னும் வுடல."

திரும்பவும் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. மடங்கிய முழங்கால்களில், சாய்ந்த முதுகுகளில், இழுத்துக் கட்டியது போன்ற வயிறுகளில் அந்த மூச்சு நிற்கிறது. 1959 ஜனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்தைய நாள், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது இந்தச் சிலை திறக்கப்பட்டது. அன்று உள்ளே இழுத்த மூச்சை அந்த நால்வரும் இன்னும் விடவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள். வெற்றியைக் காட்ட வந்த சிற்பி, கல் புரண்டு கிடக்க ஆட்கள் கையைத் தூக்கி நிற்பதாகச் செய்திருக்கலாம். இவர் கல்லை அசையவிடவே இல்லை. வெற்றியை அது வருவதற்கு ஒரு நொடி முன்னால் கொண்டுபோய் வைத்தார். உழைப்பவனுக்கு வேலையின் உச்சம் எது என்று அறிந்தவர்தான் அந்த நொடியைத் தேர்ந்தெடுக்க முடியும். கல் புரண்ட பிறகு வேடிக்கை பார்த்தவர்கள் கூடக் கைதட்டலாம். புரள்வதற்கு முந்தைய நொடி, கழியைப் பிடித்தவனுக்கு மட்டுமே தெரியும்.

அந்த நொடியை அறிந்தவர் தமிழரல்லர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூரின் தாஜ்ஹாட்டில் 1899இல் பிறந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929இல், முப்பதாவது வயதில், சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்க வந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. எண்பது வருஷத்தை நெருங்கிய அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் இவர்தான். 1957 வரை, இருபத்தெட்டு வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. 1975இல் சென்னையிலேயே காலமானார்.

பிழைக்க வந்த ஊரிலேயே மண்ணாவது நம்மில் பலருக்கு நேர்வதுதான். ராய் சௌத்ரியிடம் நான் வியப்பது, வந்த ஊரின் உடம்பை அவர் படித்த விதம். நம் மொழி அவருக்கு எவ்வளவு வசப்பட்டதோ, நான் அறியேன். நம் ஆட்கள் கல்லுக்கு முன்னால் எப்படிக் காலூன்றுவார்கள் என்பது அவருக்கு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. பின்னாளில் கல்லூரியான அந்தப் பள்ளியில் காவல் வேலை பார்த்த ஒருவர் இந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தினம் வாசலில் கண்ட உடம்பை, வணக்கம் சொல்லிவிட்டு நாம் கடந்துபோகும் உடம்பை, அவர் நின்று பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர். குழலும் வாசிப்பார், வேட்டைக்கும் போவார், வங்க மொழியில் கதையும் எழுதுவார். ஆனால் இந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு அவருடைய மல்யுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. பலம் கையிலிருந்து வருவதாகப் பார்ப்பவன் நினைப்பான். குதிகாலில் பிறந்து, தொடை வழியாக இடுப்புக்கு ஏறி, முதுகில் திரண்டு, கடைசியாகத்தான் அது கைக்கு வருகிறது என்பது மண்ணில் புரண்டவனுக்குத் தெரியும். சிலையைக் காலிலிருந்து மேலே பாருங்கள். தரையில் ஊன்றிய பாதத்திலிருந்து கழியின் நுனி வரை ஒரே கோடு ஓடுகிறது. நான்கு உடம்பின் நான்கு கோடுகளும் வெவ்வேறு சாய்வில் வந்து ஒரே கல்லில் முட்டுகின்றன. மாமாவிடம் சிற்பி மல்யுத்தம் பழகியதைச் சொன்னேன். "அதான பாத்தேன். கை வலிக்காத ஆளு இத செஞ்சிருக்க முடியாது" என்றார்.

முகங்களையும் கவனிக்க வேண்டும். ஒருவரும் நம்மைப் பார்ப்பதில்லை. பொது இடத்துச் சிலைகள் பெரும்பாலும் நம்மை நோக்கியே நிற்கும். கை நீட்டும், வழி காட்டும். இந்த நால்வருக்கும் நாம் அங்கே நிற்பதே தெரியாது. கவனம் முழுதும் கல்லில். நால்வரில் யார் பெரியவர், யார் தலைவர் என்றும் சொல்ல முடியாது. ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற மூவரின் சாய்வுக்கும் பொருளில்லாமல் போகும். கிணற்று வேலையில் இதைத்தான் 'ஆள் சேர்ந்து வருவது' என்பார்கள். நால்வர் பலமும் ஒரே நொடியில் கல்லில் விழ வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் கல் திரும்பவும் உட்கார்ந்துகொள்ளும். ராய் சௌத்ரி செய்ததைச் சிற்ப மொழியில் என்ன சொல்வார்களோ, எங்கள் ஊர் மொழியில் ஆள் சேர்ந்து வந்திருக்கிறது.

இனி அந்த வெண்கலத்தின் தோலைப் பார்ப்போம். எங்களுக்கு வெண்கலம் என்றால் உற்சவ மூர்த்திதான். ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் நெரியும்போது, அலங்காரத்துக்கு நடுவே உற்சவ அம்மனின் கன்னம் தெரியும். கண்ணாடி போல் வழவழப்பு. நம் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு நாள் கணக்கில் உளியாலும் அரத்தாலும் இழைத்து மெருகேற்றுவார்கள். செய்தவன் கை பட்ட தடமே தெரியக்கூடாது. தெய்வத்தின் தோல் அது.

உழைப்பாளர் சிலையின் தோல் வேறு ஜாதி. ராய் சௌத்ரி களிமண்ணில் உருவம் பிடித்தவர். கம்பியால் ஒரு கூடு கட்டி, அதன்மேல் களிமண்ணை உருண்டை உருண்டையாக அப்பி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி உடம்பை எழுப்பும் முறை. அதை அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்கும்போது, விரல் அழுத்திய பள்ளமும் அப்பிய மேடும் அப்படியே உலோகத்தில் வந்துவிடும். அவர் அதை அரத்தால் இழைத்து மறைக்கவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் வழி அது என்று கலை அறிந்தவர்கள் சொல்வார்கள். ரோதேனின் பாதிப்பு அவரிடம் இருந்தது உண்மைதான். எனக்கு அந்தத் தோல் வேறொன்றாகவும் தெரிகிறது. வெயிலும் வியர்வையும் மண்ணும் படிந்த மனிதத் தோல் வழவழப்பாக இருக்காது. சாயங்கால வெளிச்சம் ஊர்ப் பக்கமிருந்து சரிந்து வரும்போது, அந்த மேடு பள்ளங்களில் ஒளி விட்டு விட்டு விழுகிறது. நாம் ஓரடி நகர்ந்தால் தசை துடிப்பது போல் இருக்கிறது. அசையாத கல்லுக்கும் அசையாத ஆட்களுக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட கை முதலில் ஓவியத்தில் பழகிய கை என்பது இன்னும் அழகு. அவனீந்திரநாத்தின் பட்டறையில் நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவி வரையும் முறை இருந்தது. ஜப்பானிய ஓவியர்களின் பழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. தாளில் வண்ணம் பூசி, காயவிட்டு, தாளையே தண்ணீரில் நனைப்பார்கள். ஒட்டாத வண்ணம் கரைந்து போகும். ஒட்டியது மட்டும் தாளோடு ஊறி நிற்கும். திரும்பவும் பூச்சு, திரும்பவும் தண்ணீர். இப்படிப் பலமுறை செய்த பிறகு படம் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல் இருக்கும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. இமய மலையடிவாரத்து லெப்சா பெண்களை ராய் சௌத்ரி வரைந்திருக்கிறார். மலை ஜனங்களைப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. சாமையும் தேனும் பலாவும் சுமந்து சவ்வாது மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்களை நான் பார்த்து வளர்ந்தவன். ஏறு வழியில் ஒரு நடை, இறக்கத்தில் ஒரு நடை என்று மலை ஜனங்களின் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்தான் பின்னால் மெரினாவின் நால்வரையும் பார்த்தது என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

அந்த நால்வரைப் பார்த்துவிட்டு அதே கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால் வரும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். அதுவும் 1959ஆம் வருஷமே திறக்கப்பட்டது. இரண்டையும் ஒரே மாலையில் பார்க்க வேண்டும். அங்கே நான்கு கட்டுடம்புகள் நின்ற இடத்தில் நின்று பலத்தையெல்லாம் திரட்டுகின்றன. இங்கே மெலிந்த ஒரு கிழவர் தடியோடு நடக்கிறார். தசை இல்லை, முறுக்கம் இல்லை. எடுத்து வைத்த அடி மட்டும் இருக்கிறது. அங்கே இழுத்துப் பிடித்த மூச்சு. இங்கே மூச்சு சீராக வந்துபோகிறது. பலத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்று ஒரே சிற்பி ஒரே வருஷத்தில் ஒரே கரையில் காட்டியிருக்கிறார்.

அந்த நடையை அவர் பிறகும் விடவில்லை. காந்தியும் அவர் பின்னால் பத்துப் பேருமாகப் பதினொரு உருவங்கள் தண்டிக்கு நடக்கும் சிற்பத் தொகுதி தில்லியில் இருக்கிறது. அவர் மறைந்த பிறகுதான் அது நிறுவப்பட்டது. அதை நேரில் பாராதவர்களும் கையில் தொட்டிருப்பார்கள். 2016 நவம்பரில் செல்லாததாகிப் போன பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது அந்த ஊர்வலம்தான். வாழைத்தார் விற்ற பணமாக, ஆடி மாதத்து உண்டியல் காணிக்கையாக, கிணறு வெட்டிய கூலியாக அது எங்கள் ஊருக்குள்ளும் வந்துபோனது. மாமாவின் மடியில் மடித்துச் செருகிய நோட்டிலும் ராய் சௌத்ரியின் சிற்பம் இருந்திருக்கிறது. இருவருக்கும் அது தெரியாது.

பாட்னாவில் இன்னொரு தொகுதி. 1942 ஆகஸ்ட் 11ஆம் நாள் தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு இளைஞர்களின் நினைவுச் சின்னம். கொடியோடு முன்னே பாய்கிறவரும் சரிகிறவரும் ஒரே ஓட்டத்தில் இருக்கிறார்கள். அங்கேயும் அவர் பிடித்தது ஒரு நொடியைத்தான். கொடி இன்னும் ஏறவில்லை. கையிலிருந்து விழவும் இல்லை.

சிற்பி இத்தனை பெரியவராக இருந்தால் ஆசிரியர் எப்படி இருந்திருப்பார் என்ற கேள்வி வருகிறது. பெரிய மரத்தடியில் செடி வளராது என்பது நம்மூர் அனுபவம். ராய் சௌத்ரியின் பள்ளியில் நடந்தது அதற்கு நேர்மாறு. அவர் வரும்போது அங்கே கைத்தொழில்களுக்குத்தான் முதலிடம். ஓவியத்தையும் சிற்பத்தையும் அவர் நடுவுக்குக் கொண்டுவந்தார். உயிருள்ள ஆளை எதிரே நிறுத்தி வரைவதையும், வெளியே போய் தெருவையும் மரத்தையும் ஆட்களையும் பார்த்து வரைவதையும் பழக்கமாக்கினார். வங்காளத்தை விட்டு இவர் சென்னைக்கு வந்தார். இவரைத் தேடி வங்காளத்து இளைஞர்களும் சென்னைக்கு வந்தார்கள். பரிதோஷ் சென், கோபால் கோஷ், பிரதோஷ் தாஸ்குப்தா ஆகியோர் இங்கே படித்துத் திரும்பி, 1943இல் கல்கத்தா குழு என்ற நவீன ஓவியர் அணியில் முன்னால் நின்றார்கள்.

இங்கே அவரிடம் படித்தவர்களில் கே.சி.எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஆசிரியருக்குப் பின் 1957இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். மயிலாப்பூர்க்காரரான எஸ். தனபால் ஓவியம் படித்துச் சிற்பியாகி, அவரும் பின்னால் முதல்வரானார். இவர்கள் இருவரின் வேலையையும் ராய் சௌத்ரியின் வேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நயம் புலப்படும். ஒன்றும் ஒன்று போல் இல்லை. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்தும் எண்ணும் கட்டமும் ஜாதகத் தாளைப் போல் நிரம்பிக் கிடக்கும். ஆசிரியர் கற்றுக்கொடுத்த தசையும் எலும்பும் அதில் தேடினாலும் கிடைக்காது. இருபத்தெட்டு வருஷம் கற்றுக்கொடுத்தவர், தன் நகல்களை விட்டுப்போகவில்லை.

இதற்கும் மாமாவின் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது. நெம்பும்போது கல் ஒரு விரற்கடை எழும்பும். அந்த இடைவெளியில் ஒருவர் சட்டென்று ஒரு சிறு கல்லைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்; பாறை பழைய இடத்திலேயே உட்காரும். அதற்கு முட்டு வைப்பது என்று பெயர். முட்டுக்கல் பாறையை நகர்த்தாது. எழும்பியது திரும்ப உட்காராமல் பார்த்துக்கொள்ளும். அடுத்த நெம்பு அங்கிருந்து தொடங்கும். 1954இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர், 1958இல் பத்ம பூஷண் என்று ராய் சௌத்ரிக்கு வந்த மரியாதைகள் பல. அவரை நல்ல முட்டுக்கல் என்று சொல்வதை அவற்றுக்கு இணையான மரியாதையாகவே நான் நினைக்கிறேன்.

அந்த நெம்பு எங்கள் மாவட்டம் வரைக்கும் வந்தது. திருவண்ணாமலையில் 1932இல் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் அந்தக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் ஆனார். கோட்டுக்குப் பேர் போனவர். ரங்பூரிலிருந்து வந்தவர் தலைமையில் வளர்ந்த பள்ளியில், அண்ணாமலையார் ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் கோட்டைக் கண்டுகொண்டார். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு நிலத்துக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, மாமா வேலை செய்த கிணற்றுக்குப் போனேன். கமண்டல நதிக்குப் பக்கத்தில், வாழைத் தோப்புக்கு நடுவே. இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, கல்லை மேலே தூக்கக் கிரேனும் வந்துவிட்டது. இருந்தாலும் கிரேனின் சங்கிலியைக் கல்லுக்கு அடியில் கோக்க ஒரு சாண் இடம் வேண்டும். அந்த ஒரு சாணுக்கு இன்றும் கடப்பாரைதான், ஆள்தான். நான்கு பேர் இறங்கினார்கள். மாமா மேலே நின்றார். கடப்பாரைகள் அடியில் போயின. முழங்கால்கள் மடங்கின. பேச்சு நின்றது. கிணற்றுக்குள் ஒரு நொடி சத்தமே இல்லை. கடற்கரையில் பார்த்த அதே நொடி. நானும் மூச்சை இழுத்தபடி நின்றிருந்தேன்.

கல் அசைந்தது. ஒரு பையன் முட்டு வைத்தான். நான்கு உடம்பும் ஒரே சமயத்தில் தளர்ந்தன. ஒருவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு நெற்றியை வழித்தார். ஒருவர் மேலே பார்த்துத் தண்ணீர் கேட்டார். மாமா தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நகந்துடுச்சு பாரு" என்றார்.